கோயில் இல்லாத தேவிக்கு ஒரு பூசாரி

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கீட்ஸ், ஷெல்லி, பைரன் ஆகிய ஆங்கிலக் கவிஞர்கள் எல்லாரும் கிறித்தவ நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்படியிருக்க டயானா, வீனஸ், சீரஸ் என்று கும்பிட ஆளில்லாத கிரேக்க, ரோமானியத் தேவிகளை எதற்கு இப்படி வரிக்கு வரி கூப்பிடுகிறார்கள்? படிப்பைக் காட்டிக்கொள்ளவா, வெறும் அலங்காரமா, உள்ளூர ஏதாவது நம்பிக்கையா?

"கும்பிட ஆளில்லாத" என்று கேள்வியில் போகிற போக்கில் ஒரு சொல் விழுந்திருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு போனாலே விடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆளில்லை என்பதுதான் இந்தத் தேவிகளிடம் அவர்களை இழுத்தது. தேரும் திருவிழாவும் காணும் தெய்வத்துக்குக் கவிஞன் அவசியமில்லை, பாட ஊரே இருக்கிறது. கோயில் இடிந்தவளுக்கும், கோயிலே எழும்பாதவளுக்கும், மகளைப் பறிகொடுத்தவளுக்கும்தான் அவன் வேண்டியிருக்கிறான். ரொமான்டிக் கவிதையில் (நம் பாடநூல்கள் புனைவியல் என்றும் கற்பனாவாதம் என்றும் எழுதுவது இதைத்தான்) மனதில் நிற்கும் தேவிகளை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாரும் எதையோ இழந்தவர்கள்.

அலங்காரமா என்று கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில் இவர்கள் பெரும்பாலும் அலங்காரம்தான். விடியல் என்றால் அரோரா, நிலா என்றால் சிந்தியா, காதல் என்றால் வீனஸ். லத்தீன் படித்தவன் எவனும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வீசக்கூடிய சில்லறை. கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், லண்டன் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியில் தனக்குப் பாடம் சொன்ன ஜேம்ஸ் பௌயர் என்ற கண்டிப்பான வாத்தியாரைப் பற்றி எழுதுகிறார். பையன்கள் பாட்டெழுதிக்கொண்டு போனால் அவர் பாய்வாராம்: "யாழா? பேனாவும் மையும் என்று சொல்லுடா! கலைத்தேவியா? உன் ஆயாவின் மகளைத்தானே சொல்கிறாய்? பியரியன் ஊற்றா? ஓகோ, மடத்துப் பம்பு!" (பியரியன் ஊற்று என்பது கலைத்தேவியரின் ஊற்று.) இப்படி அடிபட்டு வளர்ந்தவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துடன் சேர்ந்து 1798-இல் போட்ட தொகுப்பில் ஒலிம்பஸ் மலைக்காரர்களுக்கு, அதாவது கிரேக்கத் தெய்வங்களுக்கு, அநேகமாக இடமே இல்லை.

ஆனால் விரட்டியவர்களில் ஒருவரே திரும்பப் போய்க் கதவைத் திறந்தார். வேர்ட்ஸ்வொர்த் 1807-இல் வெளியிட்ட, சானெட் என்னும் பதினான்கு வரிப் பாட்டு ஒன்றில், வாங்குவதும் விற்பதுமாகவே பொழுது போகும் தன் காலத்தை நொந்துகொண்டு, இதற்குப் பழைய புறச்சமயத்தில் பிறந்திருக்கலாமே என்கிறார். கடலைப் பார்த்தால் அங்கே ஒரு தெய்வமாவது கண்ணில் படும் அல்லவா? 1814-இல் வந்த அவருடைய நெடுங்கவிதையின் நான்காம் பகுதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரவில் வேட்டைக்குப் போகும் கிரேக்கன் ஒருவன், வெளிச்சம் தந்த பிறைநிலாவை நிமிர்ந்து பார்த்து நன்றி சொல்கிறான். அந்த நன்றியிலிருந்தே தோழியர் சூழ ஒரு தேவி பிறந்துவிடுகிறாள். தேவி எங்கிருந்து வந்தாள் என்பதற்கு அவர் தரும் விளக்கம் இது. இளைஞன் கீட்ஸுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்திருந்தது. அதே கீட்ஸ் பான் என்னும் தெய்வத்தின் மேல் தான் எழுதிய துதியை நேரில் பாடிக் காட்டியபோது, "அழகான புறச்சமயச் சரக்கு" என்கிற தோரணையில் வேர்ட்ஸ்வொர்த் ஒரு வரியில் முடித்துவிட்டாராம். பெரியவர்கள் சில சமயம் அப்படித்தான்.

தேவிகள் கோயில் இழந்தவர்கள் என்று நான் சொல்வது உவமைக்காக மட்டும் இல்லை. இந்தக் கவிஞர்களின் கண்ணெதிரேயே அது நடந்துகொண்டிருந்தது. ஆதன்ஸ் நகரின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை எல்ஜின் பிரபு பெயர்த்தெடுத்துக் கப்பலேற்றினார். 1816-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 35,000 பவுண்டுக்கு அவற்றை விலைக்கு வாங்கியது. அதற்கு முன்பே, 1811 மார்ச்சில், ஆதன்ஸில் ஒரு கப்புச்சின் துறவியர் மடத்தில் தங்கியிருந்த பைரன், பார்த்தினானின் தேவி மினெர்வாவின் (கிரேக்கத்தில் ஆதீனா) சாபத்தை ஒரு நீண்ட வசைப்பாட்டாக எழுதினார். மாலை வெயிலில் இடிந்த கோயிலுக்குள் தனியாக நிற்கும் கவிஞன் முன்னால் தேவி தோன்றுகிறாள். எப்படித் தோன்றுகிறாள் என்பதுதான் விசேஷம். தலைக்கவசம் நசுங்கியிருக்கிறது. ஈட்டி ஒடிந்து கிடக்கிறது. கேடயத்தில் இருக்கவேண்டிய கோர்கன் என்னும் பாம்புக்கூந்தல் அரக்கியின் தலையைக் காணோம். போர்த்தேவி, கொள்ளை போன வீட்டின் சொந்தக்காரி மாதிரி வந்து நிற்கிறாள். கோபத்தோடு அவள் இங்கிலாந்தைச் சாடும்போது கவிஞன் குறுக்கிட்டு, "தாயே, இங்கிலாந்தை முறைக்காதே, உன்னைக் கொள்ளையடித்தவன் ஸ்காட்லாந்துக்காரன்" என்று நைசாக நழுவப் பார்க்கிறான். பைரனுடைய அம்மாவே ஸ்காட்லாந்துக்காரி என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பு இன்னும் கூடும்.

இதைவிட எனக்கு மறக்க முடியாதது எலூசிஸ் ஊரில் நடந்தது. தானியத் தேவி சீரஸுக்கு, கிரேக்கத்தில் டிமீட்டருக்கு, பழங்காலத்தில் பெருங்கோயில் இருந்த ஊர் அது. அங்கே மேல்பாதி மட்டும் மிஞ்சிய ஒரு பெரிய பெண் சிலையைச் சுற்றி ஊரார் எருவைக் குவித்து வைத்திருந்தார்கள். வயல் விளைவது அவளால்தான் என்று நம்பினார்கள். 1801-இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற கேம்பிரிட்ஜ் பயணி அதை எடுத்துப்போக உத்தரவு வாங்கி வந்தார். எடுப்பதற்கு முந்தின மாலை, நுகத்திலிருந்து அவிழ்த்துவிட்ட ஒரு மாடு நேராக வந்து சிலையைக் கொம்பால் முட்டிவிட்டுக் கத்திக்கொண்டே வயலில் ஓடியது. அவ்வளவுதான், ஊரே பயந்து கைகட்டி நின்றுவிட்டது. கடைசியில் ஊர்ப் பாதிரியார் பூசை உடையோடு குழிக்குள் இறங்கி முதல் வெட்டைத் தானே வெட்டிய பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள். சிலையை ஏற்றிய கப்பல் இங்கிலாந்தின் தென்கரையில் பீச்சி ஹெட் அருகே உடைந்தது, சிலையை மீட்டுவிட்டார்கள். இன்று அது கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சீரஸே அல்ல, தலையில் கூடை சுமக்கும் தூண்சிற்பம் ஒன்று என்று பிற்பாடு ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். எருப் போட்டு வந்த ஊராருக்கு அந்தத் திருத்தத்தால் என்ன ஆகப்போகிறது!

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் இங்கே வந்து சேர்கிறது. கிரேக்கத் தேவி இல்லை, ஆனாலும் விட மனமில்லை. ராபர்ட் சதே 1810-இல் வெளியிட்ட கெஹாமா பற்றிய நெடுங்கவிதையில், துரத்தி வரும் அரசனின் ஆட்களிடமிருந்து தப்பிக்க கைலியால் என்ற ஏழைப்பெண் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு மரச்சிலையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். சரியாகச் செதுக்காத, அழகில்லாத சிலை. ஏழைகளின் தெய்வம் அவள், மற்ற யாரும் அவளை மதிப்பதில்லை என்கிறார் கவிஞர். தெய்வத்தின் பெயர் மரியாதலி. பிரெஞ்சுப் பயணி சொன்னேரா 1782-இல் வெளியிட்ட இந்தியப் பயணநூலில், ஜமதக்னியின் மனைவி, பரசுராமனின் தாய் என்று கதை சொல்லி 'மரியாத்தல்' என்று எழுதியவள்தான் இவள். ஆம், நம் மாரியாத்தாள். ஆங்கில ரொமான்டிக் கவிதைக்குள் அவளும் போயிருக்கிறாள். சதேயின் நடை இழுவைதான், முழுவதும் படிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாத் தெய்வங்களையும் விட்டுவிட்டு, யாரும் மதிக்காத அந்த மரச்சிலையை அவர் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள்.

இனி கீட்ஸ். விஷயத்தின் மையம் இவரிடம்தான் இருக்கிறது. பைரன் ஹாரோ பள்ளியும் கேம்பிரிட்ஜும், ஷெல்லி ஈட்டனும் ஆக்ஸ்ஃபோர்டும். கீட்ஸின் அப்பா வாடகைக் குதிரை லாயம் நடத்தியவர். கீட்ஸுக்கு 8 வயதிருக்கும்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அம்மா காசநோயில் போனபோது வயது 14. அறுவை வைத்தியரிடம் எடுபிடியாகப் பழகி, லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்து, 1816-இல் மருந்தாளர் உரிமம் வாங்கியவர். லத்தீன் தெரியும், கிரேக்கம் தெரியாது. பிறகு இந்தத் தேவிகள் எப்படிக் கிடைத்தார்கள்? லெம்ப்ரியர் தொகுத்த புராண அகராதியிலிருந்து. பள்ளி நாளில் அதை அவர் மனப்பாடமே செய்துவிட்டதுபோல் இருந்தது என்று நண்பர் சார்லஸ் கௌடன் கிளார்க் எழுதியிருக்கிறார். கனவான் வீட்டுப் பிள்ளைகள் முன்வாசல் வழியாக நுழைந்த இடத்துக்கு இவர் கொல்லைப்புறம் வழியாகப் போனார். அதை அவர்கள் மன்னிக்கவில்லை. நிலாத்தேவியைப் பற்றி அவர் எழுதிய 'எண்டிமியன்' 1818-இல் வந்ததும், எடின்பரோ பத்திரிகை ஒன்று, பட்டியும் மாத்திரையும் களிம்பு டப்பாவும் இருக்கும் கடைக்கே திரும்பிப் போகச் சொல்லி எழுதியது. தேவியைத் தொட இவன் யார் என்பதுதான் அந்த விமரிசனத்தின் அடிநாதம்.

'எண்டிமியன்' சுமார் 4,000 வரி. இடையன் ஒருவன்மேல் நிலாத்தேவி சிந்தியா காதல்கொண்டு கனவில் வருகிறாள். அவளைத் தேடி அவன் பூமிக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் அலைகிறான். நமக்குச் சந்திரன் ஆண், அதனால் இந்தக் கதைக்குள் நுழைய முதலில் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். நான்காம் பகுதியில் அழுதுகொண்டிருக்கும் ஓர் இந்தியப் பெண்மேல் எண்டிமியனுக்கு இரக்கம் பிறக்கிறது, இரக்கம் காதலாகிறது, தேவிக்குத் துரோகம் செய்கிறோமே என்று தவிக்கிறான். கடைசியில் அந்தக் கருங்கூந்தல் பெண்ணே சிந்தியாவாக மாறி நிற்கிறாள். கவிதையாகப் பார்த்தால் தேன் அதிகமாகிவிட்ட பாகு. பல இடங்களில் கையில் ஒட்டுகிறது. இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். 1817-இல் எழுதும்போது, கீட்ஸின் நிலாத்தேவி மனிதனைப் பார்க்கிறாள், இறங்கி வருகிறாள், தொடுகிறாள். இரண்டு வருடத்தில் இது எங்கே போய் முடிகிறது என்று பிறகு பார்ப்போம்.

1819 ஏப்ரலில் 'சைக்கிக்கு ஒரு பாட்டு' வருகிறது. கல்லூரியில் இதைப் படித்தபோது ஓரத்தில் பென்சிலால் "சைக்கி = ஆன்மா" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன் நான். பல வருடம் கழித்து, அமெரிக்காவில் குடியேறிய தம்பி ஜார்ஜுக்கும் அவர் மனைவிக்கும் கீட்ஸ் மாதக்கணக்கில் தொடர்ந்து எழுதிய கடிதத்தைப் படித்தபோதுதான் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. இந்தப் பாட்டை அந்தக் கடிதத்தில்தான் நகலெடுத்து அனுப்புகிறார். சைக்கியைத் தேவியாக்கியது கி.பி. 2-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் அப்புலேயஸ். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக்குப் பிறகு வந்தவர் என்பதால் பழைய பக்தியோடு அவளுக்கு யாரும் பூசை போட்டதே இல்லை. ஒரு தேவியை இப்படிக் கேட்பாரற்று விட என் ஆசாரம் இடம்கொடுக்கவில்லை என்று பாதி விளையாட்டாக எழுதுகிறார். நான் ஓரளவாவது மெனக்கெட்டு எழுதிய முதல் பாட்டு இதுதான், மற்றதெல்லாம் அவசரத்தில் கிறுக்கியது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அப்புலேயஸின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. சைக்கி மன்னன் மகளாக, வெறும் மனுஷியாக இருந்த காலத்தில் அவள் அழகைப் பார்த்து ஊர் ஊராக வந்து அவளைத்தான் கும்பிட்டார்கள். வீனஸ் கோயில்கள் பாழடைந்தன. வீனஸுக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். மகன் கியூபிடை, காதல் தெய்வத்தை, ஏவினாள். அவனோ சைக்கியைக் காதலித்து, இருட்டில் மட்டும் வந்து போனான், முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை வேறு. அக்காமார் கிளப்பிவிட்ட சந்தேகத்தில் ஒருநாள் விளக்கேற்றிப் பார்த்தாள். சூடான எண்ணெய் ஒரு சொட்டு அவன் தோளில் விழுந்தது, விழித்தவன் பறந்துவிட்டான். அதன்பின் மாமியார் கொடுமை. கலந்து கொட்டிய தானியக் குவியலை வகைவகையாகப் பிரிக்கச் சொல்கிறாள், எறும்புகள் வந்து உதவுகின்றன. பாதாளம்வரை போய்வந்து, கடைசியில் தேவராஜன் ஜூபிடர் கையால் அமுதம் குடித்து அவள் தேவியாகிறாள். அப்படி ஆனபிறகு கும்பிட ஒருவரும் இல்லை.

பாட்டின் நடுவில் கீட்ஸ் ஒரு கணக்கெடுக்கிறார். ஒலிம்பஸின் மங்கிப்போன வரிசையில் கடைசியாகப் பிறந்தவளே, உனக்குக் கோயில் இல்லை, பூக்கள் குவிந்த பலிபீடம் இல்லை, நள்ளிரவில் உருகிப் பாடும் கன்னியர் கூட்டம் இல்லை, குரல் இல்லை, யாழ் இல்லை, குழல் இல்லை, சங்கிலியில் ஆடும் தூபக்கால் புகை இல்லை, சோலை இல்லை, குறிசொல்பவன் இல்லை. அடுத்த பத்தியில் அதே பட்டியல் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்ப வருகிறது. ஒரே ஒரு மாற்றம். 'இல்லை' இருந்த இடமெல்லாம் 'உன்' வந்து உட்கார்ந்துகொள்கிறது: உன் குரலாக, உன் யாழாக, உன் குழலாக, உன் தூபமாக நான் இருக்கிறேன். புதிதாக ஒரு பொருளையும் வாங்கவில்லை. இல்லாமையின் பட்டியலையே படையலாக மாற்றிவிட்டார். மெனக்கெட்டேன் என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பத்தியில், "உனக்கு நானே பூசாரி, என் மனத்தில் யாரும் கால் வைக்காத ஓரிடத்தில் உனக்குக் கோயில் எடுப்பேன்" என்கிறார். அங்கே காற்றில் முணுமுணுப்பவை பைன் மரங்கள் அல்ல, இனிய வலியோடு புதிதாகக் கிளைவிட்ட எண்ணங்கள். கோயிலை அலங்கரிப்பது "வேலை செய்யும் மூளை"யின் கொடிப்பந்தல். மூளையை அறுத்துப் பார்த்த மாணவன்தான் இந்தச் சொல்லை எழுத முடியும். பாட்டு முடியும் இடம் ஒரு சன்னல்: சுடர்விடும் ஒரு பந்தம், காதலன் உள்ளே வர இரவில் திறந்து வைத்த சன்னல். பழைய கதையில் அவளைக் கெடுத்தது விளக்கு. இங்கே அதே விளக்கு அவனுக்கு வழிகாட்டுகிறது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் கொடுக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து தேவிக்குச் செய்த மரியாதைகளில் இதைவிட நுணுக்கமானது இல்லை.

அதே கடிதத்தில் பாட்டுக்குச் சற்று முன்னால்தான், இந்த உலகத்தைக் கண்ணீர்ப் பள்ளத்தாக்கு என்று சொல்வது அசட்டுத்தனம், இது ஆன்மாக்கள் உருவாகும் பள்ளத்தாக்கு என்று அவர் எழுதியது வருகிறது. பிறக்கும்போது நமக்கு அறிவுப்பொறி இருக்கிறது, ஆன்மா இல்லை. துன்பம் படப்பட அது உருவாகிறது என்பது வாதம். சைக்கி என்றால் கிரேக்கத்தில் ஆன்மா. கேள்வியில் "உள்ளூர ஏதாவது நம்பிக்கையா" என்று இருந்ததே, அதற்கு ஆம் என்பதுதான் என் பதில். சைக்கி என்று ஒருத்தி வானத்தில் இருக்கிறாள் என்ற நம்பிக்கை இல்லை அது. அல்லல்பட்டுக் கடைசியில் தேவியாகும் ஒருத்தியின் கதை மனிதனுக்கு நடப்பதைச் சரியாகச் சொல்கிறது, அந்த நேரத்தில் தேவாலயம் தனக்குச் சொன்னதைவிடச் சரியாகச் சொல்கிறது என்ற நம்பிக்கை.

ஷெல்லியை நான் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன், அவர் அன்பர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். மனிதருக்காகத் தெய்வங்களிடமிருந்து தீயைத் திருடிய ப்ரொமீத்தியஸைப் பற்றி 1820-இல் வந்த நாடகத்தின் பெரும்பகுதியை அவர் ரோமில் கரக்கல்லாவின் இடிந்த குளியல்மண்டபங்களில் உட்கார்ந்து எழுதினார். அதில் வரும் ஆசியா கடல்மகள், ப்ரொமீத்தியஸின் காதலி. அவள் டெமொகோர்கன் என்னும் உருவமற்ற ஆதிசக்தியின் குகைக்கு இறங்கிப் போய் உலகத்தைப் படைத்தது யார் என்று கேட்கும் காட்சி அருமையானது. ஆனால் அவளைப் புகழ்ந்து ஒலிக்கும் பாட்டில் ஒளிதான் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. ஷெல்லியின் தேவிகள் அப்படித்தான், கண் கூசும்.

அவர் மனைவி மேரி ஷெல்லியைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாடத்திட்டங்கள் அவரை 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலோடு நிறுத்திவிடுகின்றன. 1820-இல் இத்தாலியில் இருந்தபோது அவர் 'ப்ரொசர்பீன்' என்று ஒரு சிறு கவிதை நாடகம் எழுதினார். கதை ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னதுதான். சிசிலித் தீவில் என்னா சமவெளியில் பூப்பறித்துக்கொண்டிருந்த ப்ரொசர்பினாவைப் பாதாள அரசன் தூக்கிப்போகிறான். தாய் சீரஸ் உலகமெல்லாம் தேடுகிறாள், பயிர் கருகுகிறது. கடைசியில், பாதாளத்தில் மாதுளை முத்துக்களைத் தின்றுவிட்டதால், வருடத்தில் பாதி மட்டும் மகள் மேலே வரலாம் என்று தீர்ப்பாகிறது. ஓவிட் கடத்தலை நேராகவே விவரிக்கிறார். மேரியின் நாடகத்தில் பாதாள அரசன் மேடைக்கே வருவதில்லை, ஜூபிடரும் இல்லை. தாய், மகள், தோழியர், நீரூற்று மகள் அரெதூசா, தூது வரும் ஐரிஸ் என்று பெண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். தாய் கிளம்பும்போது ஒருவரை ஒருவர் பிரியாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பூ தேடிப் போன தோழியர் சற்று விலகுகிறார்கள். திரும்பி வந்தால் அவள் இல்லை. என்ன நடந்தது என்பதை நாமும் அவர்களைப்போலவே இல்லாத இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

எழுதியவருக்கு அப்போது 22 வயது. 1815-இல் குறைமாதத்தில் பிறந்த முதல் பெண்குழந்தை இறந்தது. 1818 செப்டம்பரில் வெனிஸில் ஒரு வயது கிளாரா. 1819 ஜூனில் ரோமில் மூன்று வயது வில்லியம். வாழ்க்கையைக் கொண்டு கவிதைக்குப் பொருள் சொல்வதில் எனக்குப் பொதுவாக உடன்பாடில்லை, ஆனால் இங்கே கண்ணை மூடிக்கொண்டு தாண்டவும் முடியவில்லை. பாதி வருடமாவது மகள் திரும்பி வருவாள் என்ற தீர்ப்பு, அந்த வீட்டில் எப்படிப்பட்ட கற்பனை! நாடகத்தில் வரும் பாடல்கள் ஷெல்லி எழுதிக் கொடுத்தவை. மேரியின் பகுதி வெகுகாலம் கழித்து, 1832-ஆம் ஆண்டுக்கான ஒரு மலரில் அச்சானது. பல தலைமுறை வாசகர்கள் கணவரின் பாடல்களைத் தொகுப்புகளில் தனியாகப் படித்தார்கள், அவை எந்தத் தாயின் கதைக்குள் இருந்தவை என்று தெரியாமலே.

மறுபடி கீட்ஸ், மறுபடி நிலா. 1818 இலையுதிர்காலத்தில் தம்பி டாம் காசநோயில் படுத்திருந்தான். ஹாம்ஸ்டெடில் அவன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ். அந்தச் செப்டம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், டாமின் இருப்பு நாளெல்லாம் என்மேல் அழுத்துகிறது, அவன் முகத்திலிருந்தும் குரலிலிருந்தும் தளர்ச்சியிலிருந்தும் விடுபட வெளியே போகவேண்டியிருக்கிறது, எழுதவேண்டியிருக்கிறது என்கிறார். எழுதியது 'ஹைப்பீரியன்'; வீழ்த்தப்பட்ட பழைய தெய்வங்களான டைட்டன்களின் கதை. டிசம்பர் 1-ஆம் தேதி டாம் இறந்தான். கவிதை பாதியில் நின்றது. அடுத்த கோடையில் அதையே வேறு விதமாக, ஒரு கனவாகத் தொடங்கினார். அங்கேதான் மொனெட்டா வருகிறாள்.

மொனெட்டா என்பது ரோமில் ஜூபிடரின் மனைவி ஜூனோவுக்கு இருந்த ஒரு பெயர். அவள் கோயிலை ஒட்டி நாணயச்சாலை இருந்ததால் ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் சொல்லே அவள் பெயரிலிருந்துதான் வந்தது. கீட்ஸ் அவளை நினைவுத் தேவியாக, தோற்றுப்போன தெய்வத்தின் பாழடைந்த கோயிலில் மிஞ்சிய ஒரே பூசாரியாக ஆக்குகிறார். கனவு காண்பவன் அந்தக் கோயில் படிக்கட்டின் அடியில் நிற்கிறான். பீடத்தில் தழைகள் எரிந்து முடிவதற்குள் ஏறாவிட்டால் இங்கேயே சாவாய் என்று ஒரு குரல். கல்தளத்தின் குளிர் காலில் ஏறுகிறது. சாவுக்கு ஒரு நொடி முன்னால் உறைந்த பாதம் முதல் படியைத் தொடுகிறது. ஏறி வந்தவனை அவள் வாழ்த்தவில்லை. உலகத்தின் துயரம் தன் துயரமாகி ஓய விடாதவர்கள்தான் இங்கே வரமுடியும் என்கிறாள். பிறகு கேட்கிறாள்: நீயும் உன் கூட்டமும் இந்த உலகத்துக்கு என்ன நன்மை செய்துவிட முடியும்? நீ வெறும் கனவுப் பிராணி, உனக்கு நீயே காய்ச்சல்.

பிறகு முகத்திரையை விலக்குகிறாள். வெளிறிய முகம். மனிதத் துயரால் வாடியதில்லை. கொல்லாத ஒரு சாகாநோயால் வெளுத்தது. மாறிக்கொண்டே இருக்கிறது, சாவு வந்து அந்த மாற்றத்தை முடித்துவைக்க வழியில்லை. சாவை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது, சாவைச் சேர்வதில்லை. லில்லிப்பூவையும் பனியையும் தாண்டிய வெண்மை. காசநோய்ப் படுக்கையருகே மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு முகத்தையே பார்த்திருந்தவரைத் தவிர வேறு யாருக்கு இது கிடைத்திருக்கும்? பயந்து ஓடியிருப்பேன், அவள் கண்கள் மட்டும் இல்லாவிட்டால், என்கிறான் கனவு காண்பவன். பாதி மூடிய இமைகள். வெளியுலகம் எதையும் பார்க்காத கண்கள், அவனையும் பார்க்கவில்லை. "தான் காணாதவர்களுக்கும் ஆறுதல் தரும், யார் கண்கள் தன்னை நிமிர்ந்து பார்க்கின்றன என்று அறியாத மெல்லிய நிலாவைப்போல" அவை ஒளிர்ந்தன.

1817-இல் இடையனைத் தேடி இறங்கி வந்த நிலாத்தேவி இப்போது யாரையும் பார்க்கவில்லை. ஆறுதல் மட்டும் குறையவில்லை. பார்க்காத தெய்வத்திடமிருந்து வரும் ஆறுதல் என்று ஒன்றை இத்தனை நேராகச் சொன்ன வரிகள் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இந்தக் கவிதையும் பாதியில் நின்றது. 1819 செப்டம்பர் 21-ஆம் தேதி வின்செஸ்டர் ஊரிலிருந்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதும்போது, ஹைப்பீரியனைக் கைவிட்டுவிட்டேன், பழைய காவியக் கவிஞர் மில்டனின் நடை அதிகமாகிவிட்டது என்கிறார். அதே கடிதத்தில், அறுவடை முடிந்த தாள்நிலம் இந்த அளவு எனக்கு எப்போதும் பிடித்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது பார்த்து ஒரு பாட்டு எழுதினேன் என்றும் வருகிறது. 'இலையுதிர்காலத்துக்கு' என்ற பாட்டு. அதில் ஒரு பெண் இருக்கிறாள். களஞ்சியத் தரையில் கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், தூற்றும் காற்றில் தலைமயிர் மெல்ல எழுகிறது. பாதி அறுத்த சாலில் கசகசாப் பூவின் மயக்கத்தில் தூங்கிப்போகிறாள், அரிவாள் அடுத்த கதிரை வெட்டாமல் விட்டுவைக்கிறது. கதிர் பொறுக்குபவள்போல் தலையில் சுமையோடு ஓடையைத் தாண்டுகிறாள். பிறகு ஆப்பிள் பிழியும் ஆலையருகே, கடைசிச் சொட்டு கசிவதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். இவள் சீரஸ்தான் என்று படிக்கும் எவருக்கும் தெரியும். கீட்ஸ் பெயரைச் சொல்லவில்லை. கோயில் இல்லை, பூசாரி இல்லை, தூபம் இல்லை, இல்லை என்ற புகாரும் இல்லை. மூன்றாவது பத்தியில் அந்தப் பெண்ணும் இல்லை. ஆற்றோரப் புதர்களில் கொசுக்கூட்டம் இரைகிறது, குன்றிலிருந்து ஆட்டுக்குட்டிகள் கத்துகின்றன, வேலியில் பூச்சிகள், தோட்டத்தில் ஒரு ராபின், வானத்தில் கூட்டம் கூடும் தகைவிலான் குருவிகளின் சத்தம்.